ரஃப் ரைடரா, ராங்க்லரா, சிங்கிள்-சிக்ஸா? டெக்சாஸில் இருக்கும் அக்கா மகன் கேட்கிறான்

சிப்புட் ரவி

எல்லாருக்கும் வணக்கம். அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். வயது 27, கையில் கிரீன் கார்டு. வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய் பேப்பர் டார்கெட்டும் தகர டப்பாவும் சுட ஒரு .22 ரிவால்வர் வேண்டுமாம். வேட்டை இல்லை, பாதுகாப்புக்கும் இல்லை, பொழுதுபோக்குதான்.

கடையில் மூன்றைக் காட்டியிருக்கிறார்கள். ஹெரிடேஜ் ரஃப் ரைடர் 150 டாலர் சுற்றி. ரூகர் ராங்க்லர் 200க்கு மேல். ரூகர் சிங்கிள்-சிக்ஸ் 700ஐத் தாண்டும். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி கௌபாய் துப்பாக்கி, மூன்றும் அதே தோட்டாதான் சுடும். "அப்புறம் எதுக்கு மாமா 550 டாலர் அதிகம்?" என்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. மணியம் மாமா, கலா அக்கா, சேகர் அண்ணே மூன்று பேரும் வந்து சொல்ல வேண்டும். அரசியல் வேண்டாம், ப்ளீஸ்.

ஓய்வு சார்ஜன்

ரவி, சாமானைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். சட்டம் முதலில்.

கிரீன் கார்டு என்பதால் அங்கே அவனுக்குத் தடை இல்லை. இதே பையன் மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருந்திருந்தால், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, அமெரிக்க மத்திய சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் கையில் வைத்திருப்பதாகவே கணக்கு. நம் ஊர்ப் பிள்ளைகள் நிறைய பேர் அங்கே படிக்கிறார்கள், இதைப் படிக்கிற மற்ற பெற்றோரும் கவனத்தில் வையுங்கள். லைசென்ஸ் உள்ள கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். சொந்த மாநிலத்தில்தான் வாங்கலாம். 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்புலச் சோதனை முடிந்த பிறகே கையில் கொடுப்பார்கள்.

அடுத்து நம் பக்கம், மலேசியா. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை இங்கே கொண்டு வரவே கூடாது. .22 தோட்டா சுண்டுவிரல் நகம் அகலம்கூட இல்லை, பையின் தையலுக்குள் ஒன்று கிடந்தாலும் கண்ணில் படாது, ஸ்கேனரில் படும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியையும் தோட்டாவையும் சேர்த்தேதான் பேசுகிறது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கியே பிடிபட்டு 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டத்தில் போட்டால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. காலி ரவைக்கூட்டைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு வருகிற ஸ்டைலும் வேண்டாம்.

கித்தாக்காடு

ஐயா, அதை இங்கே கொண்டு வந்து லைசென்ஸ் எடுக்க முடியாதா? செம்பனைக் கன்றை முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் தின்றே தீர்க்குது.

ஓய்வு சார்ஜன்

முடியாது தம்பி, அந்த நினைப்பை விட்டுவிடு. பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் என்று தோட்டங்களில் பார்த்திருப்பது ஷாட்கன். அதற்கே போலீஸ் விசாரணை, காரணம், நிலப் பத்திரம் எல்லாம் உண்டு. தனி ஆள் ரிவால்வர் வைத்துக்கொள்வது வேறு கதை. அதோடு .22 ரிவால்வரால் காட்டுப்பன்றியைச் சுடுவது பன்றிக்கும் பாவம், சுடுகிறவனுக்கும் ஆபத்து.

இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று நம் ஊர்க்காரன் கேட்கவே கூடாது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுடப்பட்ட பிறகுதான் அவசரகாலமே வந்தது. அது முடிந்த 1960லேயே ஆயுதச் சட்டமும் வந்தது. சரி, நான் விலகிக்கொள்கிறேன்.

பட்டறை மணியம்

ரவி, 550 டாலர் எங்கே போகுதுன்னு கேட்ட. உலோகத்துல கொஞ்சம், ஆள் கூலியில நிறைய.

பேரலும் (குழல்) சிலிண்டரும் (தோட்டா அறை இருக்கிற உருளை) மூணுலயும் எஃகுதான். வெடி அழுத்தத்தைத் தாங்குறது அது ரெண்டும். .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள், இந்த மூணும் சுடுற சாதா .22) தோட்டாவுக்கு அனுமதிச்ச உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. அதுக்கு இந்த எஃகு தாராளம். அதனால "மலிவு வாங்கினா கையில வெடிச்சிடும்"னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதே.

வித்தியாசம் ஃப்ரேம்ல, அதாவது எல்லாத்தையும் தாங்குற உடம்புல. ரஃப் ரைடர் ஃப்ரேம் துத்தநாக அலாய் வார்ப்பு. பழைய கார் கார்புரேட்டர் உடம்பு இருக்கே, அந்த இனம். ராங்க்லர்ல சிலிண்டரைச் சுத்தியிருக்கிற ஃப்ரேம் அலுமினிய அலாய், கைப்பிடி ஃப்ரேம் துத்தநாகம். சிங்கிள்-சிக்ஸ் எஃகு.

துத்தநாகம் வார்ப்புக்குச் சுலபம், அச்சுல இருந்து வரும்போதே ஏறக்குறைய முடிஞ்ச அளவுல வரும், மில்லிங் வேலை மிச்சம். அதான் விலை குறையுது. ஆனா மரை பலமில்ல. எஃகு ஸ்க்ரூவை துத்தநாக மரையில போட்டு ரெண்டு தடவை அழுத்தித் திருகினா மரை வழுக்கிடும், பிறகு ஸ்க்ரூ சும்மா சுத்தும். மலிவு ரிவால்வர்ல வர்ற தொல்லையில பாதி இந்த ஸ்க்ரூ கதைதான். காலிக் கூட்டைத் தள்ளுற எஜெக்டர் கம்பியோட குழலைப் பிடிக்கிற ஸ்க்ரூ, கைப்பிடி ஸ்க்ரூ, இதெல்லாம் சுடச் சுட அதிர்ந்து தளரும். தளர்ந்தது தெரியாம அடுத்த பெட்டியையும் சுட்டா துளை நீள்வட்டமாயிடும்.

பையன் செய்ய வேண்டியது இதுதான். வாங்கின அன்னைக்கே, துப்பாக்கி காலின்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, ஸ்க்ரூவை ஒண்ணொண்ணா எடுத்து எண்ணெய் போகத் துடைச்சு, ஸ்க்ரூ தளராம பிடிக்கிற பசை, ஊதா நிற லாக்டைட் 222, ஒரு சொட்டு போட்டு மாட்டணும். நீலம் 242 கூட போடலாம், ஆனா இவ்வளவு சின்ன ஸ்க்ரூவுக்கு ஊதாவே போதும். சிவப்பு பக்கமே போகக் கூடாது, பிறகு சூடு காட்டாம கழட்ட முடியாது, சூடு காட்டினா பெயின்ட் போச்சு. துத்தநாகத்துல லாக்டைட் மெதுவாத்தான் இறுகும், 24 மணி நேரம் அப்படியே விட்டுடணும். முறுக்கு? ஸ்க்ரூ-டிரைவரை ரெண்டு விரலால பிடிச்சுத் திருகுற அளவு. உள்ளங்கையை வைக்கவே கூடாது.

டிரைவர் முனை காடியில முழுசா நிறையணும். ஆப்பு மாதிரி முனை கூராகிற வீட்டு டிரைவர் காடியோட மேல் விளிம்பை மட்டும் பிடிச்சு ஏறி வழுக்கும். துப்பாக்கிக்குன்னு விக்கிற இணைச்சுவர் முனை செட் வாங்கச் சொல்லு. பாசார் மாலத்துல (இரவுச் சந்தையில) வாங்கற செட் எல்லாம் இதுக்கு ஆகாது.

பெயின்ட் சொன்னேனே, மலிவு சாமான்ல துத்தநாகத்து மேல அடிச்ச கறுப்புப் பூச்சு. பிரேக் கிளீனர், அசிட்டோன் அடிச்சா உரிஞ்சு வரும். ராங்க்லர்ல செராகோட்ங்கிற செராமிக் பூச்சு, அது தாங்கும்.

ஹூஸ்டன் சேகர்

மணியம் மாமா சொன்னது அத்தனையும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் மூன்றும் "பார்க்க ஒரே மாதிரி" என்று ரவி எழுதியிருக்கிறார். இயக்கத்தில் ஒரே மாதிரி கிடையாது, பாதுகாப்பில் வித்தியாசம் இருக்கிறது.

ரஃப் ரைடர் பழைய கோல்ட் (Colt) ரிவால்வர் பாணி. தோட்டா போட ஹேமரை (பின்னாலிருக்கும் சுத்தியலை) பாதி இழுத்து நிறுத்த வேண்டும், அப்போதுதான் சிலிண்டர் சுழலும். ஹேமருக்கு இடது பக்கம் ஒரு நெம்பு சேஃப்டி இருக்கிறது. அதை மேலே தள்ளினால் ஹேமருக்கும் தோட்டாவை அடிக்கும் ஃபயரிங் பின்னுக்கும் நடுவில் தடுப்பு வரும். ஆனால் அதை மனிதன் ஞாபகமாகப் போட வேண்டும். அதனால் பழைய வழக்கப்படி ஆறு அறையில் ஐந்தை நிரப்பி, ஹேமர் காலி அறை மேல் இருக்கும்படி வைப்பதுதான் சரி.

ராங்க்லரிலும் இப்போதைய சிங்கிள்-சிக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் பார் இருக்கிறது. டிரிகரைப் பின்னுக்கு இழுத்தால் மட்டுமே அந்தப் பட்டை மேலே ஏறி ஹேமரின் அடியை ஃபயரிங் பின்னுக்குக் கடத்தும். டிரிகர் தொடப்படாவிட்டால் ஹேமர் அடித்தாலும் பின் அசையாது. ஆறும் நிரப்பலாம். ஹேமரைப் பாதி இழுத்து நிறுத்தும் வேலை கிடையாது, பக்கவாட்டுக் கதவைத் திறந்தாலே சிலிண்டர் விடுபடும்.

இங்கே வேடிக்கை என்னவென்றால் மலிவான ராங்க்லரில் சிலிண்டர் இரண்டு பக்கமும் சுழலும். விலை கூடிய சிங்கிள்-சிக்ஸில் ஒரு பக்கம்தான். அறை கதவுக்கு நேர் வராமல் ஒரு மயிரிழை தாண்டிப் போய்விட்டால் முழுச்சுற்று சுற்றி வர வேண்டும். ஆறு ஆறாக ஒரு நாளில் முன்னூறு தோட்டா ஏற்றி இறக்குகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

செகண்ட்ஹேண்டில் சிங்கிள்-சிக்ஸ் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. அது 1953இல் வந்த துப்பாக்கி. 1973இல்தான் டிரான்ஸ்ஃபர் பார் வைத்த புதிய மாடலாக மாற்றினார்கள். ஃப்ரேமின் பக்கவாட்டில் மூன்று ஸ்க்ரூ தலை தெரிந்தால் பழையது, இரண்டு பின் தெரிந்தால் புதியது. பழையதில் ஆறும் நிரப்பிக் கீழே போட்டால் வெடிக்கலாம். நிறுவனத்துக்கு அனுப்பினால் இலவசமாகவே பாதுகாப்பு உறுப்புகளைப் பொருத்தி, கழற்றிய பழைய உறுப்புகளையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகிற வழக்கம் உண்டு. அந்த மாற்றம் செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

குறிபார்வை கலா

ரவி, உங்கள் அக்கா மகன் விலையைப் பார்க்கிறான். நான் பார்வைக்குறியைப் பார்க்கச் சொல்வேன். பேப்பரில் துளை எங்கே விழுகிறது என்பதை முடிவு செய்வது அதுதான்.

ரஃப் ரைடரின் சாதாரண மாடலிலும் ராங்க்லரிலும் பின்குறி என்பது ஃப்ரேமின் முதுகில் ஓடும் ஒரு காடி. நகராது. முன்குறி ஒரு தகடு, அதுவும் நகராது. தொழிற்சாலை எந்தத் தோட்டாவுக்கு எந்தத் தூரத்துக்கு நினைத்து வைத்ததோ அதற்குத்தான் நேர் வரும். 10 கெஜத்தில் ஒன்றிரண்டு அங்குலம் விலகினால் அதைத் துப்பாக்கியின் குறை என்று சொல்ல முடியாது, நிலைக்குறியின் இயல்பே அது. தகர டப்பாவுக்குப் போதும். பேப்பரில் பத்தாம் வளையம் தேடுகிறவனுக்குப் போதாது.

சிங்கிள்-சிக்ஸிலும் 2023இல் வந்த சூப்பர் ராங்க்லரிலும் பின்குறியை ஸ்க்ரூவால் நகர்த்தலாம். சூப்பர் ராங்க்லரைக் கடைக்காரர் காட்டவில்லையா? அதுதான் இந்தப் பட்டியலில் விடுபட்டது. எஃகு சிலிண்டர் ஃப்ரேம், 5.5 அங்குல பேரல், நகரும் குறி, கூடவே .22 மேக்னம் என்ற நீளமான, பலம் கூடிய தோட்டாவுக்கு மாற்றிப் போட இன்னொரு சிலிண்டர். வந்தபோது நிறுவனம் போட்ட விலை 329 டாலர். சாதா ராங்க்லர் 2019இல் வந்தபோது 249. அந்த 80 டாலர் வித்தியாசத்தில் எஃகும் குறியும் கிடைக்கிறது. 329இலிருந்து 700க்குப் போகும்போது கிடைப்பது பாலிஷும் பொருத்தமும்தான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் ஆரம்பக்காரன் அதை உணர ஆயிரக்கணக்கில் தோட்டா போக வேண்டும்.

கித்தாக்காடு

அப்போ மேக்னம் சிலிண்டர் சும்மா வருதே, லாபம்தானே? ரெண்டு துப்பாக்கி வாங்கின மாதிரி.

ஹூஸ்டன் சேகர்

அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்.

எல்.ஆர். தோட்டா ஒன்று 8 சென்ட் என்று வை, 500 உள்ள பெட்டி 40 டாலர். மேக்னம் ஒன்று 30 சென்ட் சுற்றி. மாதம் 300 சுட்டால் ஆண்டுக்கு 3,600. எல்.ஆரில் 288 டாலர், மேக்னத்தில் 1,080 டாலர். துப்பாக்கி விலையே மறந்துபோகும்.

சரி, பலமாவது கூடுதலா? ரைஃபிளின் நீளப் பேரலில் வினாடிக்கு 1,850 அடி தாண்டும் மேக்னம், ரிவால்வரின் ஐந்து அங்குலப் பேரலில் 1,300 அடி சுற்றித்தான் வரும். எரியாத மருந்து வாயில் நெருப்பாகவும் சத்தமாகவும் போகிறது. மேலும் ஒரே பேரல் இரண்டு தோட்டாவுக்கும் பொது. எல்.ஆர். குண்டு மேக்னம் குண்டைவிட ஒரு மயிரிழை சிறியது, பேரல் குடைவை இரண்டுக்கும் நடுவில் சமாளித்து வைக்கிறார்கள். குறிப்போட்டிக்குச் சுடுகிறவர்கள் அதனால்தான் எல்.ஆர். மட்டும் உள்ள துப்பாக்கியை விரும்புவார்கள்.

முக்கியமானது: மேக்னம் சிலிண்டரில் எல்.ஆர். தோட்டாவைப் போடக் கூடாது. உள்ளே போகும், அதுதான் சிக்கல். எல்.ஆர். கூடு 0.226 அங்குல விட்டம், மேக்னம் கூடு 0.242. சுற்றிலும் இடைவெளி இருப்பதால் கூடு உப்பிப் பிளக்கும், வாயு பின்பக்கம் சுடுகிறவன் முகத்துக்கு வரும். இரண்டு சிலிண்டரையும் ஒரே பையில் போட்டு ரேஞ்சுக்குப் போகாமல் இருப்பது நல்லது. மேக்னத்தை வீட்டிலேயே வைத்துவிடட்டும்.

பட்டறை மணியம்

கடையில வாங்கும்போது என்ன பார்க்கணும்னு யாரும் சொல்லலையே. பேரைப் பார்த்து வாங்குறதைவிட கையில இருக்கிற அந்த ஒரு சாமானைப் பார்த்து வாங்குறதுதான் புத்தி. விலை கூடினதுலயும் கோணல் பீஸ் வரும், மலிவுலயும் தங்கமா ஒண்ணு வரும்.

ஃபீலர் கேஜ் ஒண்ணு கொண்டு போகச் சொல்லு. வால்வு இடைவெளி பார்க்கிற அதே தகடுதான். கடைக்காரன்கிட்ட அனுமதி கேட்டு, காலின்னு பார்த்துட்டு, சிலிண்டர் முகத்துக்கும் பேரல் பின்முனைக்கும் நடுவுல நுழைக்கணும். 0.004ல இருந்து 0.008 அங்குலம், அதாவது 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் இருந்தா நல்லது. 0.010 தாண்டினா வேற பீஸ் கேளு. ரொம்பக் குறைஞ்சாலும் தொல்லை, 0.002ன்னா கொஞ்சம் ஈயமும் கரியும் படிஞ்சதும் சிலிண்டர் உரசி நிக்கும். ஆறு அறையிலயும் பார்க்கணும். ஒரு இடத்துல 0.004, எதிர்ப்பக்கம் 0.009ன்னா சிலிண்டர் முகம் சதுரமா இல்ல.

பிறகு சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பார். லேசா ஆடலாம், டக் டக்குன்னு சத்தம் கேட்கிற அளவு ஆடக் கூடாது.

டைமிங்: சிலிண்டர் மேல ஒரு விரலை லேசா வச்சு, பிரேக் பிடிக்கிற மாதிரி தடுத்துக்கிட்டு, ஹேமரை மெதுவா இழு. ஹேமர் முழுசா நிக்கறதுக்குள்ள சிலிண்டர் 'க்ளிக்'னு பூட்டணும். ஹேமர் நின்ன பிறகும் சிலிண்டர் இன்னும் கொஞ்சம் தள்ளினாத்தான் பூட்டுதுன்னா தள்ளுகோல் குட்டை, இல்லன்னா தேய்ஞ்சிருக்கு. அப்படிப்பட்டதுல அறையும் பேரலும் நேர் வராது. குண்டோட ஒரு ஓரம் சீவப்பட்டு ஈயத்தூளா பக்கவாட்டுல பறக்கும். பக்கத்து மேடையில நிக்கிறவன் கையில சுள்ளுன்னு குத்தும். மலிவு, விலை கூடினது எதுவா இருந்தாலும் ஈயம் துப்பற ரிவால்வரைத் திருப்பித்தான் கொடுக்கணும், நாமளே ராவ முயற்சி பண்ணக் கூடாது.

கடைசியா பேஸ் பின். சிலிண்டருக்கு அச்சாணி அதுதான். குறுக்குப் பொத்தானை அழுத்தாம அதை முன்னால இழுத்துப் பார். வந்துட்டா அந்தப் பொத்தான் ஸ்பிரிங் மெலிசு. சுடும்போது அதிர்ச்சியில பின் முன்னால நகர்ந்து சிலிண்டர் தொங்கும்.

லயத்துப் பிள்ளை

மாமா, வீட்டில் காலியாக டிரிகர் இழுத்துப் பழகலாமா? கூட்டின் நடுவில் அடிபடும் சென்டர்ஃபயரில் பரவாயில்லை, .22 போல விளிம்பில் அடிபடும் ரிம்ஃபயரில் கூடாது என்கிறார்களே.

பட்டறை மணியம்

ரிம்ஃபயர்ல ஃபயரிங் பின் கூட்டோட நடுவுல அடிக்காது, விளிம்புல அடிக்கும். கூடு இல்லன்னா அந்த அடி அறையோட எஃகு விளிம்புல விழலாம். நாளாக நாளாக அங்க ஒரு பள்ளமும் உள்பக்கம் ஒரு பிசிறும் வரும். பிசிறு வந்த அறையில தோட்டா ஏறாது, ஏறினாலும் கூடு வெளிய வராது. பின் முனையும் மழுங்கும். மழுங்கின பின் விளிம்பை நசுக்காது, அதனால தோட்டா வெடிக்காது.

சில துப்பாக்கியில பின் அறையைத் தொடாத அளவுக்கு நிறுத்தம் வச்சிருப்பாங்க, கையேட்டுல "காலியாக இயக்கலாம்"னு எழுதியிருக்கும். ரூகர் சிங்கிள்-சிக்ஸ் அப்படித்தான். எழுதலைன்னா, சுவத்துல ஸ்க்ரூ அடிக்கப் போடுற மஞ்சள் பிளாஸ்டிக் பிளக் இருக்கே, ஹார்டுவேர் கடையில நூறு சேர்ந்த பாக்கெட், அதுல .22 அறைக்குச் சரியா உட்கார்ற அளவைப் பார்த்து ஆறு அறையிலயும் போட்டுக்கலாம். பத்துப் பன்னெண்டு அடி வாங்கின பிளக்கைக் கொஞ்சம் திருப்பி வை, அல்லது மாத்து. அதுக்கு முன்னாடி தோட்டா டப்பா வேற அறையில இருக்கணும், இது விளையாட்டு இல்ல.

குறிபார்வை கலா

வாங்கிய பிறகு அந்தத் துப்பாக்கி எப்படிச் சுடுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு முறை இருக்கிறது. பெரும்பாலோர் செய்வதில்லை.

சிலிண்டரின் அறைகளுக்கு மெழுகுப் பென்சிலால் 1 முதல் 6 வரை எண் போட வேண்டும். மணல் மூட்டை மேல் மணிக்கட்டை வைத்து, 10 கெஜத்தில், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தனி டார்கெட். முதல் அறைக்கு ஐந்து தோட்டா முதல் டார்கெட்டில், இரண்டாம் அறைக்கு ஐந்து இரண்டாவதில், இப்படி 30 தோட்டா. ஐந்து அறை நெருக்கமாகக் கூட்டிப் போட்டு, ஆறாவது மட்டும் வேறு இடத்தில் போட்டால் துப்பாக்கி கெட்டது இல்லை, அந்த ஓர் அறை நேர் இல்லை. அதை ஒதுக்கிவிட்டு ஐந்து சுடலாம், அல்லது உத்தரவாதத்தில் அனுப்பலாம். ஆறும் சிதறினால் முதலில் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். ஒரே துப்பாக்கி ஒரு வகைத் தோட்டாவில் துளைகளை இரண்டு அங்குலத்துக்குள் கூட்டும், இன்னொன்றில் நான்கு. மூன்று நான்கு வகை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டி சுட்ட பிறகே மொத்தமாக வாங்க வேண்டும். வேகம் கூடியது வேண்டாம், வினாடிக்கு 1,070 அடி போன்ற ஸ்டாண்டர்ட் வேகமே பேப்பருக்கு நல்லது.

நிலைக்குறித் துப்பாக்கி தாழ்ந்து சுட்டால் முன்குறியை ராவலாம். எவ்வளவு? தவறிய அளவு × இரண்டு குறிக்கும் இடையே உள்ள தூரம் ÷ டார்கெட் தூரம். 10 கெஜம் என்றால் 360 அங்குலம். இரண்டு அங்குலம் தாழ்கிறது, குறிகளுக்கு நடுவே 6.5 அங்குலம் என்றால் 2 × 6.5 ÷ 360, சுமார் 0.036 அங்குலம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதையும் ஒரே மூச்சில் எடுக்கக் கூடாது. பாதி ராவி, சுட்டுப் பார்த்து, பிறகு மீதி. ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. உயர்ந்து சுட்டால் ராவிப் பயன் இல்லை, முன்குறியை உயரமாக்க வேண்டியிருக்கும். இடப்பக்கம் சுட்டால் பின்குறிக் காடியின் வலச்சுவரை மெல்லியதாக அகலப்படுத்தலாம்.

கித்தாக்காடு

இவ்வளவு பாடு படுறதுக்கு டிரிகரை இழுத்தாலே ஹேமரும் எழும்பிச் சுடுமே, அந்த டபுள்-ஆக்ஷன்ல நல்லதா ஒண்ணு வாங்கிடலாமே? ஸ்மித் அண்ட் வெஸன் 617, பத்துத் தோட்டா.

குறிபார்வை கலா

காசு இருந்தால் தாராளமாக. 617 எஃகு, பத்து அறை, சிலிண்டர் வெளியே சாயும், ஒரே தள்ளில் பத்துக் கூடும் வெளியே. ஹேமரைக் கையால் இழுக்க வேண்டிய இந்த மூன்று போன்ற சிங்கிள்-ஆக்ஷனில் ஒவ்வொரு கூட்டையும் தனித்தனியாகக் கம்பியால் தள்ள வேண்டும். ஆனால் விலை சிங்கிள்-சிக்ஸையும் தாண்டும், இவன் ஆரம்பித்ததோ 150இல்.

இன்னொன்று. ரிம்ஃபயரின் விளிம்பை நசுக்க ஹேமர் ஸ்பிரிங் பலமாக இருக்க வேண்டும், அதனால் டபுள்-ஆக்ஷன் இழுப்பு கனக்கும். அதை லேசாக்குகிறேன் என்று இணையத்தில் விற்கும் மெல்லிய ஸ்பிரிங்கை மாட்டினால் பத்தில் ஒன்று வெடிக்காது. பிறகு தோட்டாவைத் திட்டுவார்கள். 25 மீட்டர் பிஸ்டல் போட்டியிலேயே டிரிகர் எடை 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது. கனம் குறைந்தால்தான் குறி வரும் என்பது பாதி மூடநம்பிக்கை.

ஹூஸ்டன் சேகர்

வெடிக்காததைப் பற்றி: ரிம்ஃபயரில் தீப்பொறி மருந்து விளிம்பின் உள்பக்கம் சுற்றிலும் பரவியிருக்க வேண்டும். எங்காவது ஓரிடத்தில் இல்லாமல் போனால், பின் அந்த இடத்தில் அடித்தால் வெடிக்காது. எந்த விலைத் துப்பாக்கியிலும் இது நடக்கும். அப்போது ஹேமரை உடனே இழுத்து அடுத்த அறைக்குப் போகக் கூடாது. பேரலை டார்கெட் பக்கமே வைத்து 30 வினாடி எண்ண வேண்டும், தாமதமாக வெடிப்பதும் உண்டு. பிறகு எடுத்து விளிம்பில் பின் தடத்தைப் பார்க்கட்டும். தடம் ஆழமாக இருந்தால் தோட்டா குறை, மேலோட்டமாக இருந்தால் துப்பாக்கி குறை. "பூஸ்" என்று மெல்லிய சத்தம் மட்டும் வந்தால் குண்டு பேரலில் சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுடவே கூடாது.

சுத்தம் செய்வது மூன்றுக்கும் ஒன்றே. 200, 300 தோட்டாவுக்கு ஒரு முறை அறைகளில் வெண்கலப் பிரஷ், சிலிண்டர் முகத்தில் துணி, பேஸ் பின்னில் ஒரு துளி எண்ணெய். பேரலைத் தேய்த்துத் தேய்த்து வீணாக்க வேண்டாம். நீளம் குறைந்த .22 ஷார்ட் தோட்டா சுட்டால் அறையின் நடுவில் கரி வளையம் படியும், பிறகு எல்.ஆர். முழுதாக ஏறாது. அதைப் பார்த்து அறை கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள்.

சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குப் பக்கத்தில் விரல் போகக் கூடாது. கண்ணாடி, காதடைப்பான் இரண்டும் கட்டாயம், .22 கைத்துப்பாக்கியே 140 டெசிபலைத் தாண்டும். சுட்டு முடித்ததும் கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது, ஈயம். கடையில் பூட்டு ஒன்று கூடவே கொடுப்பார்கள், சட்டமே அப்படி. அதைப் பெட்டியிலேயே விட்டுவிடாமல் பயன்படுத்தட்டும்.

சிப்புட் ரவி

அனைவருக்கும் நன்றி. அவனிடம் படித்துக் காட்டினேன். சிங்கிள்-சிக்ஸ் ஆசையை விட்டுவிட்டான். இப்போது ராங்க்லருக்கும் சூப்பர் ராங்க்லருக்கும் நடுவில் நிற்கிறான். ரஃப் ரைடர் வாங்கி மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கினால் என்ன என்றும் ஒரு யோசனை.

குறிபார்வை கலா

ரஃப் ரைடருக்கும் ராங்க்லருக்கும் வித்தியாசம் 60 டாலர் என்றால், சேகர் கணக்குப்படி 750 தோட்டா. மூன்று மாதத்துக்கும் குறைவான சுடல். டிரான்ஸ்ஃபர் பாரை 60 டாலருக்காக விட வேண்டாம். டப்பா மட்டும் என்றால் ராங்க்லர் போதும். பேப்பரில் துளைகளின் நெருக்கம் அளக்கிற ஆசை துளி இருந்தாலும் சூப்பர் ராங்க்லர். நடுவில் வேறு எதுவும் இல்லை.

பட்டறை மணியம்

சூப்பரே வாங்கட்டும். கடையில ரெண்டு பீஸ் எடுத்து வைக்கச் சொல்லி ரெண்டையும் ஃபீலர் கேஜ் போட்டுப் பார்க்கணும், இடைவெளி ஆறு அறையிலயும் ஒரே அளவா இருக்கிறதை எடுக்கணும். மேக்னம் சிலிண்டரையும் மாட்டி அதே அளவு பார்க்கணும். தனியா பையில வர்ற அந்த சிலிண்டரை யாரும் சோதிக்காமத்தான் வாங்கிட்டுப் போவாங்க.